ஸ்லீவ் போதவில்லை, அப்புறம்?

118 கிலோவில் தொடங்கி 81 வரை இறங்கி, மறுபடி 99-இல் வந்து நின்றது என் எடை. உயரம் 158 சென்டிமீட்டர். 2017-இல் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில், எடை குறைய இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 2025 கடைசியில், வேறொரு டாக்டரிடம், அதை இரைப்பை பைபாஸாக, அதாவது சாப்பாட்டை நேராகச் சிறுகுடலுக்குத் திருப்பிவிடுகிற ஆபரேஷனாக, மாற்றிக்கொண்டேன். முதல் ஆபரேஷனுக்குப் போனபோது சுற்றியிருந்த எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. இரண்டாவதுக்குப் போனபோது "இன்னொரு தடவையா?" என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. அதற்கு என்னிடம் இருந்த பதில், கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லி முடிக்கிற அளவில் இல்லை. இங்கே இடம் இருக்கிறது.

எடை திரும்ப ஏறினால் நம் ஊரில் காரணம் கேட்க மாட்டார்கள், தீர்ப்புதான் சொல்வார்கள். "அத்தனை செலவு பண்ணியும் மறுபடி ஊதிட்டியே கண்ணு, வாயைக் கட்டக் கூடாதா?" என்றார் என் பெரியம்மா. பாசத்தோடுதான் சொன்னார். அவர் கணக்கில் ஆபரேஷன் என்பது பாதி வேலை, மீதி என் நாக்கின் பொறுப்பு. பல வருஷம் நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாக்குக்கும் பங்கு உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது மட்டும் காரணமாக இருந்தால் இன்னொரு ஆபரேஷனுக்கு அர்த்தமே கிடையாது.

குறைந்த எடையில் கொஞ்சம் திரும்புவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வருஷத்தில் எடை அடிமட்டத்தைத் தொடும், பிறகு சில கிலோ ஏறி நிற்கும். எவ்வளவு ஏறினால் கவலைப்படலாம் என்பதற்கு, உடல்பருமன் அறுவை சிகிச்சை நிபுணர்களின் உலகக் கூட்டமைப்பான இஃப்சோ 2024-இல் ஒரு வரையறை சொல்லியிருக்கிறது: ஆபரேஷனால் குறைந்த எடையில் 30 சதவீதத்துக்கு மேல் திரும்பினால், அல்லது எடையோடு சேர்ந்த ஒரு நோய் மோசமானால், அதைக் கவனித்தாக வேண்டும். எனக்குக் குறைந்தது 37 கிலோ, திரும்பியது 18. கிட்டத்தட்ட பாதி.

புது டாக்டரைப் பார்க்கப் போனபோது இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்கறீங்க?" என்றார்.

மூன்று. அதற்கும் மேலே சுவரில் சாய்ந்தபடி. படுத்த கொஞ்ச நேரத்தில் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் வரும். சில ராத்திரி மூக்கிலும் ஏறும், இருமி எழுந்து உட்கார்ந்துவிடுவேன். காலையில் குரல் கம்மிப்போய் இருக்கும். கட்டில் பக்கத்தில் ஜெலுசில் பாட்டில், காலையும் இரவும் அமிலத்தைக் குறைக்கும் பான்டப்ரசோல் மாத்திரை. இதையெல்லாம் வயசாவதன் கணக்கில் எழுதிவிட்டிருந்தேன். எடைப் பிரச்சினைக்காக வந்த இடத்தில் இதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அங்கிருந்த டயட்டீஷியன் ஒரு வேலை கொடுத்தார். சாப்பிடுவதை எழுதுவதோடு, ஏன் சாப்பிட்டேன் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். பசி, ருசி, சும்மா, யாரோ கொடுத்தார்கள், இப்படி எது உண்மையோ அது. நோட்டு நிரம்ப நிரம்ப ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது: எரிச்சல். சாயங்காலம் எரிச்சலுக்கு ஒரு டம்ளர் பால், சர்க்கரை போட்டு. படுக்கும் முன் எரிச்சலுக்கு ரெண்டு பிஸ்கட். நடு ராத்திரி எழுந்தால் மறுபடி பால், கூட ஒரு வாழைப்பழம். எதுவாவது உள்ளே போனால் ஒரு பத்து நிமிஷம் அடங்கும், பிறகு முன்னைவிட ஜோராக எழும். இட்லியையும் சுண்டலையும் ஸ்லீவ் கட்டுப்படுத்தும், ஒன்றரை இட்லிக்கு மேல் அப்போதும் இறங்காது. பாலும் பிஸ்கட்டும் அப்படியில்லை, வழுக்கிக்கொண்டு போய்விடும். பெரியம்மா சொன்ன அந்த வாய், நெருப்பை அணைக்கத்தான் பாதி நேரம் திறந்திருக்கிறது.

ஸ்லீவில் இது ஏன் வருகிறது என்பதை டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ அளவில் ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிற மேல்பகுதியும் வெட்டில் போய்விடுவதால், முதல் வருஷம் பசி என்பதே மறந்துபோகும். அது நிஜமாகவே சொர்க்கம். ஆனால் குறுகிய குழாய்க்குள் அழுத்தம் அதிகம். கீழே குடலுக்குப் போகும் வாசலைத் தசை வளையம் ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கிறது. மேலே, உணவுக்குழாய் வந்து சேரும் இடத்தில் இயற்கையாக இருந்த கோணம் கலைந்துபோயிருக்கும். அழுத்தம் எந்தப் பக்கம் போகும்? மேலே தள்ளும், அமிலத்தையும் சேர்த்து.

இது எனக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. பின்லாந்தில் 240 பேரை ஸ்லீவ், பைபாஸ் என்று குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பத்து வருஷம் கழித்துப் பரிசோதித்த ஸ்லீவ்பாஸ் ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. உணவுக்குழாயில் புண் ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு, பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்கு. எடையில் இருந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதல்ல. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஸ்லீவ் முதலில் தனி ஆபரேஷனாக உருவானதே இல்லை. மிக அதிக எடை உள்ளவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கிக் குடலையும் மாற்றி இணைக்கும் டியோடினல் ஸ்விட்ச் என்ற பெரிய ஆபரேஷனை ஒரே தடவையில் செய்வது ஆபத்து என்று, அதை இரண்டாகப் பிரித்தபோது கிடைத்த முதல் பாதி அது. முதல் பாதியிலேயே நிறையப் பேருக்கு எடை நன்றாகக் குறைந்ததால் அங்கேயே நிறுத்தினார்கள், பிறகு அதுவே உலகம் முழுக்கப் பரவியது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சம் அல்ல. இரண்டாம் பாதி தேவைப்படுகிறவர்கள் இருப்பார்கள் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்த விஷயம்.

சரி, பரிசோதனைக்கு வருகிறேன். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் அடியில் சிவந்த கோடுகள். அந்தப் புண்ணை ஏ, பி, சி, டி என்று தரம் பிரிப்பார்கள், எனக்கு சி. உதரவிதானத்தின் ஓட்டை தளர்ந்து இரைப்பையின் நுனி நெஞ்சுக்குள் கொஞ்சம் ஏறியிருந்தது. ஹையடஸ் ஹெர்னியா என்பார்கள். குழாயின் மேல்பாகம் உப்பியிருந்தது. பயாப்ஸியில் கவலைப்படும்படி எதுவும் இல்லை. ஹெர்னியாவையும் உப்பலையும் சி.டி. ஸ்கேனும் காட்டியது.

இதோடு, முதல் ஆபரேஷனின் முழுக் குறிப்பைக் கேட்டார் டாக்டர். என்னிடம் இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும், அதில் ஆபரேஷனைப் பற்றி ஒரே வரி. எந்த அளவுக் குழாயை உள்ளே வைத்து வெட்டினார்கள், மேலே எவ்வளவு விட்டார்கள், அப்போதே ஹெர்னியா இருந்ததா, எதுவும் அதில் கிடையாது. பழைய மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கொடுத்து, அலைந்து வாங்கினேன். கேட்டுப் பெறுவது நம் உரிமை, ஆனால் கேட்கும்போது நாமேதோ கேஸ் போடப் போகிறோம் என்பது மாதிரிப் பார்க்கிறார்கள். வயிற்றில் எந்த ஆபரேஷன் செய்துகொண்டாலும், வீட்டுக்குக் கிளம்பும் அன்றைக்கே அந்தக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள்.

இனி, என் முன்னால் இருந்த வழிகள். ஸ்லீவையே மறுபடி இறுக்கி வெட்டலாம். டாக்டர் அதை ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசவில்லை, ஏற்கெனவே அழுத்தம்தான் பிரச்சினை. சாடி என்று சுருக்கமாகச் சொல்லும் ஆபரேஷன் இருக்கிறது. ஸ்பெயினில் 2007-இல் தொடங்கியது, டியோடினல் ஸ்விட்சின் எளிய வடிவம். எடையையும் சர்க்கரையையும் குறைப்பதில் கெட்டிக்காரன். ஆனால் அதில் ஸ்லீவ் அப்படியே இருக்கும், கீழே குடலைத்தான் மாற்றி இணைப்பார்கள். என் எரிச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும், போதாக்குறைக்கு கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் சரியாக உடம்பில் ஏறாது.

அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டது மினி பைபாஸா, பழைய பைபாஸா என்பதில்தான். மினி பைபாஸ் 1997-இல் அமெரிக்காவில் தொடங்கியது, நம் நாட்டிலும் நிறையச் செய்கிறார்கள். இரைப்பையையும் சிறுகுடலையும் சேர்க்க ஒரே இணைப்பு, நேரம் குறைவு. என் தோழியின் அண்ணி செய்துகொண்டு ஜம்மென்று இருக்கிறார், "அதையே போட்டுக்கோங்க" என்று ஃபோன் மேல் ஃபோன். பிரான்ஸில் 253 பேரை வைத்து நடத்திய யோமெகா ஆய்வு 2019-இல் வெளியானது. எடைக் குறைப்பில் மினி பைபாஸ் பழையதற்குச் சளைத்ததல்ல என்று அது காட்டியது. கூடவே வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் மினியில் அதிகம் என்றும் சொன்னது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. மினியில் பித்தநீர் வரும் குடல், புது இரைப்பையின் வாசலை ஒட்டியே ஓடுகிறது. பித்தம் மேலே ஏற வழி உண்டு. ஏற்கெனவே புண்ணான உணவுக்குழாயில் அமிலத்துக்குப் பதில் பித்தம் என்றால் என்ன லாபம்?

பழைய பைபாஸ், ரூ-என்-ஒய் என்பது, அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் 1960-களில் ஆரம்பித்த வழியிலிருந்து வளர்ந்தது. என் ஸ்லீவின் மேல்நுனியில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து அதோடு தைப்பார்கள். மீதிக் குழாய் உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியாகப் போகாது. அதன் அமிலமும் பித்தநீரும் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே தள்ளித்தான் சாப்பாட்டோடு கலக்கும். மேலே ஏறி வருவதற்கு அதிகம் எதுவும் இல்லை. அதே நேரத்தில் ஹெர்னியாவையும் தைத்துவிடலாம். இரண்டு இணைப்பு, நேரம் அதிகம். எடை விஷயத்தில் டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "81-க்குத் திரும்புவீங்கன்னு நான் சொல்ல மாட்டேம்மா. ரெண்டாவது ஆபரேஷன்ல முதல் தடவை மாதிரி இறங்காது. எரிச்சல் போகும்னு தைரியமாச் சொல்லலாம்." அதிக எடை குறைக்கும் ஆபரேஷனை விட்டுவிட்டு, என் நோய்க்குப் பொருந்தும் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவுதான் என் முடிவு. இதற்கு வந்து சேரத்தான் மாசக்கணக்கில் ஆனது.

நடுவில் எடை குறைக்கும் ஊசி வந்தது. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வெகோவி, இரண்டும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது வாட்ஸ்அப்பில் அதே பேச்சு. வாரம் ஒரு ஊசி, கத்தியே வேண்டாம். மயங்காமல் இருக்க முடியுமா? டாக்டர் தடுக்கவில்லை. எடை மட்டும் பிரச்சினை என்றால் முதலில் ஊசியைத்தான் பார்க்கச் சொல்லியிருப்பேன் என்றார். ஆனால் அது இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கும், அதனால் எரிச்சல் கூடவும் செய்யலாம், தளர்ந்த ஹெர்னியாவையும் தைக்காது. நிறுத்தினால் எடை திரும்பவும் வாய்ப்பு அதிகம். பைபாஸுக்குப் பிறகு தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிவைத்தோம்.

இன்ஷூரன்ஸ் கதை தனி. உடல்பருமன் ஆபரேஷனுக்கு எப்போது பணம் தரலாம் என்பதற்கு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் போட்ட நிபந்தனைகள்தான் என் பாலிசியில் இருந்தன: உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. எண் 40 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே இதயநோய், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கடுமையான ஸ்லீப் ஆப்னியா, கட்டுக்கடங்காத சர்க்கரை மாதிரி ஏதாவது ஒன்று. இந்த 40, 35 எல்லாம் 1991-இல் அமெரிக்காவில் வகுத்த கோடுகள். 2022-இல் நிபுணர் சங்கங்களே அதைத் தளர்த்தி, ஆசியர்களுக்கு 27.5-இலேயே ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்று சொல்லிவிட்டன. என் பாலிசிப் புத்தகத்துக்கு அது எட்டியிருக்கவில்லை. என் பி.எம்.ஐ. 39.7. இன்னும் ஒரு கிலோ ஏறியிருந்தால் வேலை சுலபம். எடையைக் குறைக்கப் போனவள், ஒரு கிலோ ஏற மாட்டேன் என்கிறதே என்று அங்கலாய்த்த கூத்தும் நடந்தது. என் முடிவுக்கே காரணமான அமிலம் அந்தப் பட்டியலிலேயே இல்லை! கடைசியில் காப்பாற்றியது குறட்டைதான். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 34 தடவை மூச்சுத் தடைபட்டது, 30 தாண்டினாலே கடுமை. கேள்விக்கு மேல் கேள்வியாகக் கடிதம் வந்து, அந்த ரிப்போர்ட்டைக் காட்டிய பிறகு அனுமதித்தார்கள்.

என் வீட்டுக்காரர் நூல் வியாபாரி, எந்தப் பேச்சுவார்த்தையிலும் கடைசியாகத்தான் வாயைத் திறப்பார். ஆபரேஷனுக்கு முந்தைய சந்திப்பில் திறந்தார். "ஏனுங்க டாக்டர், தப்பா நினைக்காதீங்க. இந்த மாதிரி ரெண்டாவது ஆபரேஷன் நீங்க எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க? அதுல எத்தனை பேருக்குத் தைச்ச இடம் கசிஞ்சிருக்கு?" எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கசிந்த கேஸ்களையும் சேர்த்து எண்ணிக்கையைச் சொன்னார். பழைய தழும்பில் குடலும் ஈரலும் ஒட்டியிருக்கும், பழைய ஸ்டேப்பிள் வரிசைக்குக் குறுக்கே தைக்கவேண்டி வரும், அதனால் கசிவும் ரத்தப்போக்கும் முதல் தடவையைவிட இப்படி மாற்றிச் செய்யும் ஆபரேஷனில் அதிகம் என்பதையும் மறைக்கவில்லை. வெளியே வந்ததும் இவர், "கணக்கைக் கேட்டதும் டக்குனு சொன்னாரு, பண்ணிக்கலாம்" என்றார். எனக்கு அது கடைத்தெரு அளவுகோலாகப் பட்டது. யோசித்தால், அதைவிட நல்ல அளவுகோல் எனக்கும் தெரியவில்லை.

ஆபரேஷன் நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, தூங்கினேன், விழித்தேன். இப்போது எடை 84. தலையணை ஒன்று. அமில மாத்திரையைச் சில மாசம் கழித்து நிறுத்திவிட்டார்கள். பாலுக்காக நடு ராத்திரி எழுவது தானாகவே நின்றது.

புதிதாக வந்த தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வளைகாப்பில் மூன்று ஸ்பூன் பாயசம்தான் சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, பட்டுப்புடவை முதுகோடு ஒட்டுகிற அளவு வியர்த்து, மண்டபத்தின் பின்னறையில் பாயைப் போட்டுப் படுத்துவிட்டேன். டம்பிங் என்று சொல்லியிருந்தார்கள். சர்க்கரை நேராகக் குடலுக்குள் கொட்டுவதால் வருவது. காதால் கேட்டிருந்தேன், உடம்பு அன்றைக்குத்தான் கேட்டது. இரும்பு, கால்சியம், பி12, டி எல்லாம் ஆயுசுக்கும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி. இரும்போடு டீயும் ஆகாது, அதுதான் எனக்குப் பெரிய தியாகம். மூட்டு வலிக்கு முன்பெல்லாம் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோபினாக் வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது, தைத்த இடத்தில் புண் வரும். பல் டாக்டரிடம் போனாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். திடீரென்று கடுமையான வயிற்றுவலி வந்தால் வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது, உள்ளே குடல் சிக்கிக்கொண்டிருக்கலாம். ஒதுக்கிவைத்த பழைய இரைப்பையைச் சாதாரண எண்டோஸ்கோபியில் எட்டிப் பார்க்கவும் முடியாது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறேன், எனக்குக் கட்டுப்படியாகிற விலைதான்.

போன செக்கப்பில் காத்திருந்தபோது பக்கத்தில் ஈரோட்டுக்கார அக்கா ஒருவர். அவரும் ஸ்லீவ் செய்தவர், எடை திரும்பிவிட்டது, கூடவே சர்க்கரையும். நான் பைபாஸ் மாற்றிக்கொண்டதைக் கேட்டதும், "அப்போ எனக்கும் அதையே பண்ணச் சொல்லட்டுங்களா?" என்றார். நெஞ்செரிச்சல் உண்டா என்று கேட்டேன். துளிகூட இல்லையாம், தட்டையாகப் படுத்துத் தூங்குவாராம். அப்படியானால் என் ஆபரேஷன் உங்களுக்கு வேண்டியது இல்லாமலும் போகலாம் அக்கா, சர்க்கரைக்கு எது நல்லது என்று டாக்டரைக் கேளுங்கள், ஊசியைப் பற்றியும் கேளுங்கள் என்றேன். வேறொரு இடத்தில் ஏற்கெனவே தேதி குறித்துக் கொடுத்துவிட்டார்களாம், இங்கே சும்மா ஒரு அபிப்பிராயத்துக்கு வந்தாராம். எண்டோஸ்கோபி எடுத்தார்களா என்றேன். இல்லை என்றார். அதை எடுக்காமல் அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள் என்று சொல்லும்போதே என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.